கம்பனியின் கொடியும் நமது நாவும்



அன்புக்குரிய நேயர்களே! பெற்றோர்களே! எமது இளம் சகோதர சகோதரிகளே!

இன்று ஒரு சண்டையைப் பற்றி உங்களோடு பேச விரும்புகின்றேன். அது காணிக்காகவோ கடனுக்காகவோ சீதனத்துக்காகவோ நடக்கும் சண்டையன்று. அதில் சத்தமும் இல்லை. பிள்ளை கட்டிலில் சாய்ந்தபடி கைத்தொலைபேசியின் திரையை விரல்களால் தட்டிக்கொண்டிருக்கும். அவ்வழியே செல்லும் உம்மா, பாடம் சம்பந்தமாக ஏதோ எழுதுகின்றது போலும் என்று எண்ணிக்கொண்டு தன் வேலையைப் பார்ப்பார். அந்த நேரத்தில் அந்தப் பிள்ளை, தான் ஒருபோதும் கண்டிராத ஒரு மனிதரை முட்டாள் என்றும் அடிமை என்றும் ஏசிக்கொண்டிருக்கக்கூடும். அந்த மனிதர் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். அவர் வேறொரு கம்பனியின் தொலைபேசியை வாங்கியிருக்கின்றார்.

இது மிகைப்படுத்திய கூற்று என்று நினைத்து விடாதீர்கள். அப்பிள் நிறுவனத்தின் ஐபோனைப் பாவிப்பவர்கள் ஓர் அணி. சாம்சங் முதலான அன்ட்ரொயிட் தொலைபேசிகளைப் பாவிப்பவர்கள் மற்றோர் அணி. கணினி விளையாட்டு என்று வந்தால் பிளேஸ்டேஷன் ஒரு பக்கம், எக்ஸ்பொக்ஸ் மறுபக்கம். புகைப்படக் கருவியில் கெனன், நிக்கொன். புதிய பொருளொன்று அறிமுகமாகும் இரவில் இந்த அணிகள் உலகெங்கும் விழித்திருந்து மோதிக்கொள்கின்றன. ஐபோன் வைத்திருப்பவரை மற்ற அணியினர் செம்மறியாடு என்று அழைக்கின்றார்கள். அவரோ அவர்களை வக்கற்றவர்கள் என்கின்றார். பரிகாசமும் பட்டப்பெயரும் அங்கே நாணயம் போலப் புழங்குகின்றன.

இவ்விடயத்தில் நல்லதொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஒரே பொருளைப் பாவிப்பவர்கள் இணையத்தில் ஒன்றுகூடிப் பழுதைத் திருத்தும் விதத்தைச் சொல்லிக்கொடுக்கின்றார்கள். ஏமாற்று வியாபாரிகளைப் பற்றி எச்சரிக்கின்றார்கள். அமெரிக்க ஆய்வாளர்களான அல்பேர்ட் முனிஸ், தோமஸ் ஓகின் ஆகிய இருவரும் மெக்கின்டோஷ் கணினி, சாப் கார், போர்ட் புரொன்கோ வாகனம் ஆகியவற்றின் பாவனையாளர்களைக் கூர்ந்து கவனித்து 2001 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்ற கடமையுணர்வு அவர்களிடையே இருப்பதை அவ்வாய்வு எடுத்துக்காட்டியது. அதே ஆய்வில் இன்னொன்றும் வெளியாயிற்று. தாங்கள் யார் என்பதை விளக்கும்போது, தாங்கள் யாருக்கு எதிரானவர்கள் என்பதையும் அவர்கள் சேர்த்தே சொன்னார்கள். அப்பிளின் மெக்கின்டோஷைப் பாவித்தவர்களுக்கு மைக்ரோசொப்ட் என்றோர் எதிரி தேவைப்பட்டது.

அந்த எதிரியின் கதையைக் கேளுங்கள். 1997 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 ஆம் திகதி, அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் மெக்கின்டோஷ் அபிமானிகளின் பெரும் கூட்டமொன்று நடைபெற்றது. அப்பிள் நிறுவனம் அப்போது பெரும் நட்டத்தில் தத்தளித்துக்கொண்டிருந்தது. மேடையில் நின்ற ஸ்டீவ் ஜொப்ஸ், மைக்ரோசொப்ட் நிறுவனம் அப்பிளில் 150 மில்லியன் டொலரை முதலீடு செய்கின்றது என்று அறிவித்தார். அவருக்குப் பின்னாலிருந்த பிரமாண்டமான திரையில் பில் கேட்ஸின் முகம் தோன்றியது. மண்டபத்தில் எதிர்ப்புக் கூச்சல் எழுந்தது! மூழ்கிக்கொண்டிருக்கும் கப்பலுக்குக் கயிறு வீசியவரை, அந்தக் கப்பலை நேசித்தவர்களே ஏசினார்கள். அப்பிள் வெல்வதற்கு மைக்ரோசொப்ட் தோற்றாக வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டும் என்று ஜொப்ஸ் அந்த மேடையிலேயே அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் சொன்னதை அவரது கம்பனி எவ்வளவு காலம் நினைவில் வைத்திருந்தது? 2006 முதல் 2009 வரை அப்பிள் ஒரு விளம்பரத் தொடரை வெளியிட்டது. அதில் இருவர் நிற்பார்கள். ஒருவர் சாதாரண உடையணிந்த, கலகலப்பான இளைஞர், அவர் மெக்கின்டோஷ். மற்றவர் கோட்டும் கண்ணாடியும் அணிந்த, எப்போதும் தடுமாறும் மனிதர். அவர் மற்றக் கணினி. அறுபதுக்கும் மேற்பட்ட விளம்பரங்களில் அந்த மனிதர் கேலிக்குள்ளாக்கப்பட்டார். கணினி வாங்குவது என்பது நீ எப்படிப்பட்ட மனிதன் என்பதைப் பற்றிய தீர்ப்பு என்று அவை இளைஞர்களுக்குக் கற்பித்தன. இளைஞராக நடித்த ஜஸ்டின் லோங் என்ற நடிகரைப் பலர் மெக்கின்டோஷின் உருவமாகவே கண்டார்கள். 2021 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அதே நடிகரை இன்டெல் நிறுவனம் கூலிக்கு அமர்த்தியது. அப்பிள் தனது கணினிகளில் இன்டெல்லின் சில்லுகளுக்குப் பதிலாகத் தனது சொந்தச் சில்லுகளைப் பொருத்தத் தொடங்கிச் சில மாதங்களே கழிந்திருந்தன. இம்முறை அவர் மெக்கின்டோஷைக் கேலி செய்தார். நான் அந்த நடிகரைக் குறைகூறவில்லை. நடிப்பது அவரது தொழில், அதற்கு அவருக்குக் கூலி கிடைத்தது. எமது பிள்ளைகள் கூலியில்லாமல் நடிக்கின்றார்கள் என்பதே எனது கவலை.

சாம்சங் நிறுவனத்தின் பக்கமும் இதே கதைதான். ஐபோனுக்காக வரிசையில் நிற்பவர்களைப் பரிகசித்து 2011 ஆம் ஆண்டில் அது விளம்பரம் செய்தது. அப்பிள் தனது தொலைபேசியிலிருந்து செவிப்பன்னிக்கான துளையை 2016 ஆம் ஆண்டில் நீக்கியபோது சாம்சங் சிரித்தது. 2019 ஆம் ஆண்டில் தனது நோட் 10 தொலைபேசியிலிருந்து அதே துளையைத் தானும் நீக்கியது. 2020 ஒக்டோபரில் ஐபோன் பெட்டிக்குள் சார்ஜர் இல்லாமற்போனது. சாம்சங் மீண்டும் சிரித்தது. 2021 ஜனவரியில் அதன் எஸ் 21 தொலைபேசியின் பெட்டியிலும் சார்ஜர் இருக்கவில்லை. முன்னர் சிரித்த சிரிப்பின் தடயங்கள் இணையத்திலிருந்து ஓசையின்றி அகற்றப்பட்டன. அந்த மூன்று மாதங்களில் சாம்சங்குக்காக வாதாடிய இளைஞர் எழுதியவற்றை யார் அகற்றுவது? அவர் புண்படுத்திய நண்பரிடம் யார் போய்ச் சமாதானம் சொல்வது?

இந்த இரண்டு கம்பனிகளும் ஒன்றன்மீது ஒன்று வழக்குத் தொடுத்தன என்பது உண்மைதான். 2011 இல் தொடங்கிய அந்த வழக்கில், 2012 ஆகஸ்ட் மாதம் கலிபோர்னிய நீதிமன்றமொன்றின் ஜூரிகள் அப்பிளுக்கு ஒரு பில்லியன் டொலருக்கும் அதிகமான நட்டஈட்டை வழங்கத் தீர்மானித்தார்கள். மேன்முறையீடு, மறுவிசாரணை என்று இழுபட்டு 2018 ஜூன் மாதத்தில் இரு தரப்பும் சமாதானமாகி வழக்கை முடித்துக்கொண்டன. ஆனால் 2007 இல் வெளிவந்த முதலாவது ஐபோனின் பிரதான சில்லைத் தயாரித்துக் கொடுத்தது சாம்சங். வழக்கு நடந்துகொண்டிருந்த 2017 ஆம் ஆண்டில் வெளியான ஐபோன் டென் தொலைபேசியின் திரையைத் தயாரித்துக் கொடுத்ததும் சாம்சங் குழுமமே. நீதிமன்றத்தில் எதிரிகள், தொழிற்சாலை வாசலில் வாடிக்கையாளரும் விநியோகஸ்தரும். அன்ட்ரொயிட்டின் உரிமையாளரான கூகுள், ஐபோனில் தனது தேடுபொறியை முன்னிருத்துவதற்காக 2022 ஆம் ஆண்டில் மாத்திரம் அப்பிளுக்குச் சுமார் 20 பில்லியன் டொலர் செலுத்தியது. இது வதந்தியன்று, அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்த தகவல். மேலே இப்படிக் கைகுலுக்கிக்கொண்டிருக்கும்போது கீழே ஒரே வகுப்பில் படிக்கும் இருவர் முகம் பாராமல் இருக்கின்றார்கள்.

விளையாட்டுக் கருவிகளின் விடயத்தையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகின்றேன். 1990 களில் நின்டென்டோ, சேகா என்ற இரண்டு ஜப்பானிய நிறுவனங்களுக்காக அமெரிக்கச் சிறுவர்கள் பாடசாலை முற்றங்களில் அணி பிரிந்து நின்றார்கள். போட்டியாளரைப் பெயர் சொல்லியே பரிகசித்து சேகா விளம்பரம் செய்தது. 2001 ஆம் ஆண்டில் சேகா விளையாட்டுக் கருவிகளைத் தயாரிக்கும் தொழிலையே கைவிட்டது. 2007 ஆம் ஆண்டில் நின்டென்டோவின் மரியோவும் சேகாவின் சொனிக்கும் ஒரே ஒலிம்பிக் விளையாட்டில் ஒன்றாக ஓடினார்கள். பழைய சண்டையாளர்கள் அப்போது வாப்பாமாராகியிருந்தார்கள். அந்த விளையாட்டைத் தமது பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தவர்களும் அவர்களுள் இருந்திருப்பார்கள்.

எனதருமை இளைஞர்களே! விளம்பரம் மட்டும் இவ்வளவு பெரிய பகையை உண்டாக்கிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விளம்பரம் தீக்குச்சி, வைக்கோல் எமது உள்ளத்திலேயே இருக்கின்றது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹென்றி தஜ்பெல் என்ற உளவியல் அறிஞர் இதைச் சோதித்துப் பார்த்தார். அவர் போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் சிறைக்கைதியாக இருந்து திரும்பியபோது அவரது நெருங்கிய உறவினர்கள் நாஸிகளால் கொல்லப்பட்டிருந்தார்கள். மனிதர்கள் எவ்வளவு சிறிய காரணத்துக்காக அணி பிரிவார்கள் என்ற கேள்வி அவருக்கு வெறும் புத்தகக் கேள்வியாக இருந்திருக்க முடியாது.

1970 ஆம் ஆண்டளவில் அவர் 14, 15 வதுப் பாடசாலை மாணவர்களை அழைத்து, கிளீ, கண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டினார். எது பிடிக்கின்றது என்று கேட்டார். பின்னர், நீ இந்த ஓவியரை விரும்பும் குழு, நீ மற்றக் குழு என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொல்லப்பட்டது. உண்மையில் அந்தப் பிரிப்பு சீட்டுக் குலுக்கியது போன்றதுதான்; மாணவர்களின் விருப்பத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. தன்னோடு யார் இருக்கின்றார், மறுபக்கம் யார் இருக்கின்றார் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. பிறகு, பெயர் தெரியாத மற்ற மாணவர்களுக்கிடையே சிறு தொகைப் பணத்தைப் பங்கிடும்படி கேட்கப்பட்டார்கள். பெரும்பாலானோர் தம் குழுவுக்கு அதிகமாகக் கொடுத்தார்கள். இதில் வியப்பில்லை. அடுத்ததைக் கவனியுங்கள். தம் குழுவுக்குக் கிடைக்கும் தொகை குறைந்தாலும் பரவாயில்லை, மற்றக் குழுவுக்கு அதைவிடக் குறைவாகக் கிடைக்க வேண்டும் என்ற விதமாகவும் அவர்கள் பங்கிட்டார்கள். இலாபத்தைவிட மற்றவரின் தாழ்வே அவர்களுக்கு இனித்தது. முந்திய நாள் வரை ஒரே பாடசாலையில் ஒன்றாக விளையாடிய பிள்ளைகள் அவர்கள்! ஓர் ஓவியரின் பெயர் இதைச் செய்யுமானால், இலட்சம் ரூபா கொடுத்து வாங்கிய ஒரு பொருளின் பெயர் என்ன செய்யாது?

சில இடங்களில் இத்தகைய பிளவுக்குக் குறைந்தபட்சம் வயிற்றுப் பிழைப்பாவது காரணமாக இருந்தது. ஜேர்மனியில் ஹேர்ஸோகனௌராஹ் என்றொரு சிறிய நகரம் உண்டு. அங்கே அடொல்ப் டஸ்லர், ருடொல்ப் டஸ்லர் என்ற இரு சகோதரர்கள் ஒன்றாகச் சப்பாத்துத் தொழிற்சாலை நடத்தினார்கள். 1948 ஆம் ஆண்டில் மனம் கசந்து பிரிந்தார்கள். ஒருவர் அடிடாஸை உருவாக்கினார். மற்றவர் பூமாவை உருவாக்கினார். நகரமே இரண்டாகிவிட்டது. அடிடாஸ் குடும்பம் ஒரு கடைக்குப் போகும். பூமா குடும்பம் மற்றக் கடைக்குப் போகும். கழுத்து வளைந்தவர்களின் நகரம் என்று அதற்குப் பெயரே ஏற்பட்டது. ஒருவரைச் சந்தித்தால் முதலில் குனிந்து, அவர் என்ன சப்பாத்து அணிந்திருக்கின்றார் என்று பார்த்த பின்னரே பேசுவதா இல்லையா என்று தீர்மானிப்பார்களாம். சகோதரர்கள் இறுதிவரை ஒன்றுசேரவில்லை. ஒரே அடக்கஸ்தலத்தில் ஒருவர் ஓர் அந்தத்திலும் மற்றவர் மறு அந்தத்திலுமாக அடக்கப்பட்டிருக்கின்றார்கள். இதையெல்லாம் நான் சரி என்று சொல்லவில்லை. ஆயினும் அந்த நகரத்துத் தொழிலாளிக்கு அந்தத் தொழிற்சாலை சோறு போட்டது. முதலாளி விழுந்தால் அவனது அடுப்பும் அணையும். ஐபோனின் விற்பனை கூடினால் என்ன, குறைந்தால் என்ன, எமது பிள்ளையின் கோப்பையில் ஒரு பருக்கையாவது கூடுமா?

அன்பு நேயர்களே! குழுவின் பெயரைச் சொல்லிக் கூவி அழைப்பது எமக்குப் புதிய விடயமன்று. நபி (ஸல்) அவர்களோடு சென்ற ஒரு பயணத்தில், முஹாஜிர்களில் ஒருவர் அன்ஸாரி ஒருவரை அடித்துவிட்டார். உடனே இவர் அன்ஸாரிகளே என்று கூவ, அவர் முஹாஜிர்களே என்று கூவ, இரு தரப்பும் திரளத் தொடங்கியது. அச்சத்தத்தைக் கேட்ட நபியவர்கள், இது ஜாஹிலிய்யாக் காலத்து அழைப்பு, துர்நாற்றம் வீசுவது, விட்டுவிடுங்கள் என்ற கருத்தில் கண்டித்தார்கள். சற்று நின்று யோசியுங்கள். முஹாஜிர், அன்ஸார் என்பவை அல்குர்ஆனில் புகழப்பட்ட பெயர்கள். ஊரைத் துறந்தவர்களும் ஊரைத் திறந்துகொடுத்தவர்களும் சுமந்த பெயர்கள். அப்படிப்பட்ட பெயர்களே சண்டைக்கு ஆள் திரட்டப் பாவிக்கப்பட்டபோது நாற்றமெடுத்தன என்றால், கலிபோர்னியாவிலும் சியோலிலும் விலைப்பட்டியலில் அச்சிடப்படும் பெயர்களைப் பற்றி என்ன சொல்வது? பரிகாசத்தையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் தடுக்கின்ற அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11 ஆவது வசனத்தை எமது பிள்ளைகளில் பலர் மனனமிட்டிருக்கின்றார்கள். நாவுக்கு அது பொருந்தும், தட்டச்சு செய்யும் பெருவிரலுக்குப் பொருந்தாது என்று எவரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனாலும் அப்படித்தான் நடந்துகொள்கின்றார்கள்.

இந்தப் பழக்கம் வெறும் விளையாட்டோடு நின்றுவிடுவதில்லை. 2017 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நின்டென்டோவின் புதிய விளையாட்டொன்று வெளியானது. விமர்சகர்கள் பெரும்பாலும் வானளாவப் புகழ்ந்தார்கள். ஒரு விமர்சகர் மாத்திரம் 10 இற்கு 7 புள்ளிகள் வழங்கினார். ஏழு என்பது சித்தியடையாத புள்ளியா? எமது பரீட்சைகளில் எழுபது பெற்றால் வீட்டில் விருந்து வைக்கின்றோம்! அவரது இணையத்தளம் தாக்குதலுக்குள்ளாகி முடங்கியது, வசைமொழிகள் குவிந்தன. தான் நேசிக்கும் பொருளை மற்றவர் சற்றுக் குறைவாக நேசித்தாலும் அது தாங்க முடியாத அவமதிப்பாகிவிடும் அளவுக்கு உள்ளம் சுருங்கிப்போகின்றது.

இன்னும் பாரதூரமான விளைவு ஒன்றுண்டு. அணி சேர்ந்தவருக்குக் கண் தெரிவதில்லை. 2016 ஆம் ஆண்டில் சாம்சங்கின் நோட் 7 தொலைபேசிகள் சில தீப்பற்றின. செப்டெம்பரில் சுமார் 25 இலட்சம் தொலைபேசிகளைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தது. மாற்றிக் கொடுத்தவையும் தீப்பற்றவே, ஒக்டோபரில் அந்தத் தொலைபேசியின் உற்பத்தியையே நிறுத்தியது. மறுபக்கம், பழைய ஐபோன்கள் வேகம் குறைகின்றன என்ற முறைப்பாடு நீண்ட காலமாக இருந்தது. அது வெறும் கற்பனை என்று கேலி செய்தவர்களும் இருந்தார்கள். மின்கலம் பழுதடைந்த பழைய ஐபோன்களின் வேகத்தைத் தானே குறைத்ததை அப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. 2020 ஆம் ஆண்டில், அது தொடர்பான அமெரிக்க வழக்கை முடித்துக்கொள்ள 500 மில்லியன் டொலர் வரை செலுத்த உடன்பட்டது. இவ்விரண்டிலும், குறையைச் சொன்னவரைப் பொறாமைக்காரர் என்று வாயடைத்தவர் யாருக்கு உதவி செய்தார்? தன்னைப் போன்ற இன்னொரு வாடிக்கையாளருக்கு அல்லவே! விற்கின்ற பொருளின் குறையை மறைப்பது மோசடி என்று வியாபாரிகளுக்கு நாம் உபதேசிக்கின்றோம். விற்காத ஒருவர், ஒரு சதமும் பெறாமல், இன்னொருவருடைய பொருளின் குறையை மறைக்கப் பாடுபடுவதை என்னவென்று அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இனி வீட்டுக்குள் வருவோம். அமெரிக்காவில் ஐபோனிலிருந்து இன்னொரு ஐபோனுக்கு அனுப்பும் குறுஞ்செய்தி நீல நிறப் பெட்டியிலும், வேறு தொலைபேசியோடு பரிமாறும் செய்தி பச்சை நிறப் பெட்டியிலும் தோன்றும். 2011 ஆம் ஆண்டில் தொடங்கிய இந்த ஏற்பாட்டினால், பச்சை நிறக்காரர் என்று பிள்ளைகள் சக பிள்ளைகளை ஒதுக்கும் நிலை உண்டாயிற்று. 2024 மார்ச் மாதத்தில் அமெரிக்க நீதித் திணைக்களம் அப்பிளுக்கு எதிராகத் தாக்கல் செய்த வழக்கில், பதின்ம வயதினர் படும் இந்த அவமானமும் குறிப்பிடப்பட்டுள்ளது. 2024 செப்டெம்பரில் அப்பிள் இரு வகைத் தொலைபேசிகளுக்குமிடையிலான செய்திப் பரிமாற்றத்தை மேம்படுத்தியது. ஆனால் பச்சை பச்சையாகவே இருந்தது. எமது நாட்டில் பெரும்பாலானோர் வாட்ஸ்அப் மூலமே பேசிக்கொள்வதால் இந்த நிறப் பிரிவினை இங்கு உறைக்கவில்லை. அதற்காக நாம் தப்பிவிட்டோம் என்று சொல்ல முடியுமா? தொலைபேசியின் முதுகில் இருக்கும் அடையாளம் எல்லோருக்கும் தெரிகின்றதே! கல்யாண வீட்டில் மேசைமீது தொலைபேசியை எந்தப் பக்கமாக வைப்பது என்று யோசிக்கும் பெரியவர்களும் எம்மிடையே இல்லாமலில்லை.

பெற்றோர்களே! மலிவான தொலைபேசி வைத்திருப்பதற்காகக் கேலி செய்யப்பட்ட பிள்ளை அதை வீட்டில் வந்து சொல்வதில்லை. அது வேறு விதமாக வெளிவரும். பழைய தொலைபேசி திடீரென்று பழுதாகத் தொடங்கும். படிப்புக்கு அது போதாது என்று முறைப்பாடு வரும். பிறகு சாப்பாட்டில் கோபம். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் சில வாரங்களுக்குள் டொலரின் விலை 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதை நாம் மறக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு தொலைபேசியின் விலையையும் அது எங்கே கொண்டுபோய் வைத்தது என்று உங்களுக்குத் தெரியும். அந்த விலையைத் தவணை முறையில் கட்டும் வாப்பா, தான் ஒரு கருவியை வாங்கிக் கொடுத்ததாக நினைக்கின்றார். உண்மையில், தன் பிள்ளை ஓர் அணியிலிருந்து மற்ற அணிக்கு மாறுவதற்கான நுழைவுச் சீட்டை அவர் வாங்கியிருக்கின்றார். நேற்றுக் கேலி செய்யப்பட்ட பிள்ளை நாளை கேலி செய்யும் பக்கத்தில் நிற்கும்.

வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வசதியுள்ளவர் நல்ல பொருளை வாங்குவதில் தவறில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதும் தவறன்று, அது அறிவு. இதன் மின்கலம் அதிக நேரம் நிற்கின்றது, அதன் கெமரா இருட்டில் தெளிவாக எடுக்கின்றது, இதற்கு ஊரில் உதிரிப்பாகம் கிடைக்காது என்று எழுதுங்கள். வாங்கப்போகும் ஏழைக்கு அது பேருதவி. பேச்சு பொருளை விட்டு நகர்ந்து ஆளின்மீது ஏறும் இடம் ஒன்றுண்டு. அந்த இடத்தை எவரும் சுட்டிக்காட்டத் தேவையில்லை. எழுதுகின்ற விரலுக்கே தெரியும். அங்கே நிறுத்திக்கொள்ள முடியாத அளவுக்குச் சூடேறிய குழுவாக இருந்தால், அதிலிருந்து விலகிவிடுங்கள். விலகுவதற்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

ஏற்கெனவே எழுதிவிட்டீர்களா? அழித்துவிடுங்கள். ஏசப்பட்டவர் உங்களது வகுப்பிலோ மஹல்லாவிலோ இருப்பவராயின் அழிப்பது மட்டும் போதாது. செய்தி அனுப்பாமல் நேரில் போய் ஸலாம் சொல்லுங்கள்.

வாப்பாமாரே, உம்மாமாரே! என்ன தொலைபேசி வேண்டும் என்று பிள்ளையிடம் கேட்கும் நாளில், ஏன் அது வேண்டும் என்றும் கேளுங்கள். கெமரா, மின்கலம், விலை என்று பதில் வந்தால் அமர்ந்து கணக்குப் பாருங்கள். இன்னாரிடம் இருக்கின்றது, இன்னார் சிரிக்கின்றார்கள் என்று பதில் வந்தால், வாங்குவதை ஒரு மாதம் தள்ளிவைத்து, அந்தச் சிரிப்பைப் பற்றிப் பேசுங்கள். பிள்ளையின் முன்னால் மச்சானின் தொலைபேசியையும் அயலவரின் வாகனத்தையும் எடைபோட்டுப் பேசும் எமது சொந்தப் பழக்கத்தையும் அந்த மாதத்திலேயே நிறுத்தி வைக்கலாம். இவ்விடயத்தில் பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர் இணையம் இல்லை. எமது சாப்பாட்டு மேசைதான்.

முன்னர் சொன்ன ஜேர்மன் நகரத்தில், 2009 ஆம் ஆண்டு செப்டெம்பர் 21 ஆம் திகதி அடிடாஸ், பூமா ஊழியர்கள் ஓர் உதைபந்தாட்டப் போட்டி நடத்தினார்கள். பிளவு ஏற்பட்டு அறுபது ஆண்டுகள் கழிந்திருந்தன. ஒரு கம்பனிக்கு எதிராக மற்றக் கம்பனி ஆடவில்லை. இரு கம்பனி ஊழியர்களும் கலந்தே அணிகள் அமைக்கப்பட்டன. எமது ஊர்ப் பாடசாலைகளிலும் விளையாட்டுக் கழகங்களிலும் உள்ள இளைஞர்கள் இவ்வாறான ஓர் ஏற்பாட்டை, இரு அணிகளாகப் பிரிந்து ஏசிக்கொண்ட நண்பர்களை வைத்தே, வருகின்ற விடுமுறையில் செய்து பார்க்கலாம்.